உப்பு விதானை

விதானையாரின் குசினியில் நின்று, தேங்காய்ப்பால் சொதியில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறேன். உப்பு இல்லை. கத்தரிக்காய்ப் பால்கறியைத் தொட்டு நாக்கில் வைக்கிறேன். அதிலும் இல்லை. பருப்பில் உப்பு மட்டுமல்ல, ஒன்றுமே இல்லை. விதானையாரின் மனைவி நாகம்மா, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன தம்பி, பிடிச்சிட்டியளோ?"

"இல்லை அம்மா. எல்லாம் சொன்னபடிதான் இருக்கு."

"இருக்காமல் என்ன? கலியாணம் முடிச்சு வந்த நாளிலையிருந்து என்ரை சமையலை ஒருத்தரும் இப்பிடி நக்கிச் சோதிக்கேல்லை. என்ரை மாமியார் கூட மணந்து பாத்ததோடை விட்டவ."

அந்த மாமியாரைப் பற்றி நான் வேறு கதைகளும் கேள்விப்பட்டிருந்தேன். ஆனபடியால் மெல்ல விறாந்தைக்கு வந்துவிட்டேன்.

அங்கே சாய்மனைக் கதிரையில் விதானையார், இரண்டு கால்களையும் வாங்கில் தூக்கிப் போட்டபடி இருந்தார். அரசாங்க விதானையாய், ஊர்த் தலைவராய் இருந்து இளைப்பாறியவர். ஊர் நடுங்கிய மனிதர். இப்போது அவருடைய கால்கள் இரண்டும் நீர் ஏறி, தோல் பளபளவென்று மினுங்கிக்கொண்டு கிடந்தன. கணுக்காலில் விரலால் அமத்தினால் குழி விழும். விழுந்த குழி எழும்பாது. போன கிழமை விழுந்ததைவிட இந்தக் கிழமை ஆழமாய் விழுந்தது.

உப்பை நிறுத்தினால் நீர் வற்ற வேண்டும். உப்பு நின்று மாதக்கணக்காகிறது. நீர் ஏறிக்கொண்டே போகிறது. பண்டத்தரிப்பில் அந்த விறாந்தையில் நின்று, பேசாமல் சுருட்டுக் கொட்டிலுக்கே திரும்பிப் போய்விடலாமா என்று நான் யோசித்தது உண்மை.

பெயரில்லாத உத்தியோகம்

சுருட்டுக் கொட்டிலில் மனேச்சராக இருந்ததைப் போன கிழமை சொல்லியிருந்தேன். "இருந்து சாப்பிடக்கூடிய வேலையை விட்டுவிட்டு இதற்கு ஏன் போனீர்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். என் பெரியப்பாவும் இதையேதான் கேட்டார். வாசகர் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

விசயம் இதுதான். நான் வயிற்றுப் புண்ணோடு மிசன் ஆசுப்பத்திரியில் போய்ப் படுத்தேன். அங்கிருந்த அமெரிக்க டொக்டர் அம்மா எனக்கு மருந்து அதிகம் தரவில்லை. பாலும், குழையக் காய்ச்சிய கஞ்சியும், அவித்த பூசணிக்காயும் தந்தார். புண் ஆறிவிட்டது. நான் ஆறவில்லை. ஏன் பால், ஏன் பூசணி, ஏன் தூள் கூடாது என்று அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சுகமாகி வீட்டுக்குப் போக வேண்டியவன், ஆசுப்பத்திரிக் குசினியில் போய் நின்று பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன சமைக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் அம்மா தமிழை வேதாகமத்தில் படித்தவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீர் அந்தப் புகையிலையை விட்டு எங்களிடத்தில் வரலாகாதோ?" என்றார். அந்தத் தமிழில் கேட்டால் எப்படி மறுப்பது?

ஒரு வருசம் போலக் கூடவே வைத்துப் பழக்கினார். பிறகு, வீட்டுக்குப் போன நோயாளிகள் என்ன சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு எது ஒத்துவரும் என்று வீடு வீடாய்ப் போய்ப் பார்ப்பது என் வேலையாயிற்று. இப்போது இதற்குப் படிப்பு இருக்கிறது, பட்டம் இருக்கிறது. அன்றைக்குப் பெயர்கூட இல்லை.

"பெடியன் என்ன செய்யிறான் எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?" என்றார் பெரியப்பா. "சமையல்காரன் எண்டாலும் விளங்கும். பரியாரி எண்டாலும் விளங்கும். நீ சமைக்கிறதும் இல்லை, மருந்து குடுக்கிறதும் இல்லை. மற்றவன் தின்னேக்கை பாத்துக்கொண்டு நிக்கிறாய். இதுக்கு ஆர் பொம்பிளை தருவினம்?"

பெரியப்பா சொன்னதில் பிழை இல்லை. நேற்றுவரை ஊருக்குச் சுருட்டு விற்றவன் இன்றைக்கு வந்து பால் குடியுங்கோ என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

மருந்தில்லாத பத்தியம்

எங்கள் சனங்களுக்குப் பத்தியம் புதிதில்லை. பரியாரியார் ஒரு உருண்டையைக் கொடுத்து, புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, தலைமுழுக்குக் கூடாது என்றால் ஏனென்று கேட்காமல் இருப்பார்கள். ஆனால் உருண்டை இருக்க வேண்டும். மருந்தே இல்லாமல் பத்தியத்தை மட்டும் கொண்டுபோய் நீட்டினால் அவர்களுக்கு அது ஒரு ஏமாற்று வேலையாகத் தெரிந்தது.

"எல்லாம் சரி, மருந்து எங்கை?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். ஆனபடியால் நான் சீரகம் அவித்த தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோகத் தொடங்கினேன். "இது கைக்கேல்லையே, எப்பிடிக் கேக்கும்?" என்றார் விதானையார். அடுத்த முறை வேப்பம்பட்டையும் கொஞ்சம் போட்டு அவித்தேன். குடித்துவிட்டு முகத்தைச் சுழித்தார். "ஆ, இப்ப மருந்து" என்றார். அன்றைக்குத்தான் உப்பை விடச் சம்மதித்தார்.

இது நடந்து கொஞ்ச நாளில் ஊர் எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டது. சைக்கிளில் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே, "உப்பு விதானை வாறார்" என்பார்கள். மெய்யான விதானை கதிரையில் கால் நீட்டிப் படுத்திருக்க, எனக்கு இப்படி ஒரு பட்டம்.

அவர் விசயத்தில் எனக்கு ஏன் அத்தனை பதற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதானையார் ஏற்கெனவே இரண்டுமுறை ஆசுப்பத்திரியில் படுத்து எழும்பியவர். நெஞ்சு பலமில்லை, மூன்றாம் முறை நீர் ஏறினால் மேலே ஏறி மூச்சை அடைத்துவிடும் என்று டொக்டர் அம்மா சொல்லியிருந்தார். அதோடு, சாப்பாடு பார்ப்பதற்கு ஒரு ஆள் எதற்கு என்று ஆசுப்பத்திரிப் பெரியவர்கள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இந்த மனிதர் பிழைத்தால் நான் உமக்காகப் பேசுவேன்" என்றார். பிழைக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

வேலியின் கதை

விதானையாரின் வளவுக்குக் கிழக்கே அவருடைய சொந்தத் தம்பியின் வளவு. தம்பியாருக்குச் சின்னத்தம்பியர் என்று பெயர். நடுவில் ஒரு கிடுகு வேலி, அதில் ஒரு ஆள் நுழையக்கூடிய பொட்டு. அந்த வேலியில்தான் வழக்கு.

தம்பி வேலி அடைக்கும் சாட்டில் கதியாலை, அதாவது வேலிக் கம்பை, ஒரு முழம் அண்ணர் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்பது அண்ணரின் வழக்கு. இல்லை, அதற்கு முன்னமே அண்ணர் ஒரு முழம் தள்ளி நட்டவர், தான் திருப்பி நட்டது மட்டும்தான் என்பது தம்பியின் மறுமொழி. வழக்குத் தொடங்கிய காலத்து நீதவான் மாற்றலாகிப் போய்விட்டார். வழக்குப் பேசிய பிரக்கிராசிமாருக்குத் தலை நரைத்துவிட்டது. நடப்பட்ட கதியால்கள் மரமாகிவிட்டன. அண்ணரும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. சாவீடு, கலியாணவீடு எதற்குப் போனாலும் ஒருவர் வந்தால் மற்றவர் எழும்பிவிடுவார்.

இதில் நான் தலையிட வேண்டிய தேவை என்ன? சொதியில் உப்பு இல்லை, அவ்வளவுதான் என் பாடு என்று நினைத்திருந்தேன்.

கவிழ்த்து வைத்த கும்பா

நான் மேலே சொன்ன அந்த நாளில், போகப் புறப்பட்டவன் கைகழுவக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே கழுவின பாத்திரங்கள் வெயிலில் கவிழ்த்துக் கிடந்தன. இத்தனை நாளும் அடுப்பிலிருக்கும் சட்டிகளைத்தான் பார்த்தேனே தவிர, கழுவி வைத்ததைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதில் ஒரு வெண்கலக் கும்பாவின் அடியில் "வே. சி." என்று வெட்டியிருந்தது. அது சின்னத்தம்பியரின் பெயரெழுத்து. எடுத்து மணந்து பார்த்தேன். சாம்பல் போட்டு விளக்கியும் கருவாட்டு மணம் போகவில்லை.

கும்பாவோடு குசினிக்குள் போனேன். நாகம்மா ஒரு சொட்டும் வெட்கப்படவில்லை.

"அது பக்கத்து வீட்டுக் கும்பா."

"தெரியுது அம்மா. இஞ்சை என்ன செய்யுது?"

"இவர் ஆசுப்பத்திரியாலை வந்த அண்டைக்குத் தம்பியாற்றை மனிசி சுறாக் கருவாட்டுக் குழம்பு வைச்சு வேலிப் பொட்டுக்குள்ளை வைச்சிட்டுப் போட்டாள். வெறுங்கும்பாவையோ திருப்பிக் குடுக்கிறது? நான் முருங்கைக்காய்க் கறி போட்டு வைச்சன். அவள் மட்டும் வெறுங்கும்பா வைப்பாளோ? பேந்து மாங்காய்ச் சம்பல் வந்தது. நான் தோசை வைச்சன்."

"இது எப்பதான் நிக்கும்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? ஆர் முதல்லை வெறுங்கும்பா வைக்கினமோ அவையள்தானே சண்டைக்காரர்."

"கோட்டிலை வழக்கு நடக்குதே, அம்மா!"

"வழக்கு ஆம்பிளையளின்ரை. கும்பா எங்கடை."

கும்பாவை நிலத்தில் வைத்தேன். "உப்புப் போடக்கூடாது எண்டு எத்தனை தரம் சொன்னனான்?"

"ஓம். என்ரை சமையலிலை போடக்கூடாது எண்டு சொன்னியள். நான் ஒரு கல்லுக்கூடப் போடேல்லை. நீங்களே நக்கிப் பாத்தனீங்கள்தானே."

விறாந்தையிலிருந்து விதானையாரின் குரல் வந்தது. "தம்பி, அது வெளிச்சாப்பாடு. பத்தியத்திலை வராது."

ஊரை ஆண்ட மனிதர் சட்டத்தில் ஓட்டை பார்க்கத் தெரியாமலா இருப்பார்! கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. கால் வீங்கி மூச்சுமுட்டப் போகிறது, இவர்கள் இரண்டுபேரும் நாம் ஒரு பிழையும் செய்யவில்லை என்று நிம்மதியாய் இருக்கிறார்கள். சத்தம் போட்டு என்ன பயன்? கும்பா வரும் இடத்துக்கே போவது என்று சைக்கிளை எடுத்தேன். பொட்டுக்குள்ளால் போனால் ஒரு நிமிசம்தான். ஆனால் அதற்குள்ளால் போக உரிமை கும்பாவுக்கு மட்டும்தான். ஆகவே ஒழுங்கை முழுக்கச் சுற்றிக்கொண்டு தம்பியார் வீட்டுப் படலைக்கு வந்தேன்.

எதிராளி

சின்னத்தம்பியர் முற்றத்து மாமரத்தின் கீழ் வாங்கில் இருந்து சுருட்டுப் பற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, நீர் சுருட்டுக் கொட்டில் மனேச்சர் எல்லோ? நீர் போனாப் பிறகு சுருட்டு ஒண்டும் வாய்க்கு ருசிக்கேல்லை காணும்!"

"நான் இப்ப அந்த வேலையிலை இல்லை ஐயா. உங்கடை அண்ணற்றை சாப்பாட்டைப் பாக்கிறன்."

முகம் உடனே சுருங்கிவிட்டது. "ஓ, அந்த விதானையைப் பட்டினி போடுறது நீர்தானோ? உப்பில்லாமல் மனிசன் சீவிக்கிறதே? எனக்குத் தெரியும் உது என்ன விளையாட்டு எண்டு. மெலிஞ்சு எலும்பாய்க் கோட்டிலை போய் நிண்டு, ஐயோ பாவம் எண்டு துரையிட்டைத் தீர்ப்பு வாங்கப் பாக்கினம். நான் விடுவனோ? என்ரை மனிசிக்குச் சொல்லிப்போட்டன், வயித்துக்கு வஞ்சகமில்லாமல் அனுப்பு, ஆள் கொழுத்துக் கோட்டுக்கு வரட்டும் எண்டு."

"ஐயா, அவர் கொழுக்கேல்லை. வீங்கிறார்."

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"உப்புத்தான் அவற்றை உடம்பிலை நீரைக் கட்டிவைக்குது. கால் தாண்டி நெஞ்சுக்கு வந்தால் ஆள் தப்பாது. அந்த வீட்டிலை ஒரு கல்லு உப்பும் இல்லை. அவற்றை வயித்துக்குப் போற உப்பு முழுக்க இஞ்சையிருந்துதான் போகுது."

மாமரத்தில் ஒரு அணில் கத்திக்கொண்டிருந்தது. சின்னத்தம்பியரின் கையிலிருந்த சுருட்டு அணைந்துபோயிற்று.

"சுறாக் கருவாடு எண்டால் அண்ணைக்கு உயிர்" என்றார் கடைசியில். "சின்னனிலை என்ரை பங்கையும் எடுத்துத் தின்னுற ஆள். அதுதான்... நான்தான் சொல்லிச் சமைப்பிச்சனான்."

அதுவரை "அந்த விதானை" என்றவர், "அண்ணை" என்றார். அதைத் தானே கேட்டுவிட்டவர்போல எழும்பி வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கும்பாவை நிறுத்தச் சொல்ல நான் போயிருந்தேன். அந்த முதுகைப் பார்த்தபிறகு மனம் வரவில்லை. வெறுங்கும்பா போய்ச் சேர்ந்தால் விதானையார் கால் வீக்கத்தால் சாகமாட்டார், மனவருத்தத்தால் செத்துப்போவார். ஆகவே, "கும்பா போகட்டும் ஐயா, உப்பு மட்டும் போகாமல் பாப்பம்" என்றேன். தேசிக்காய்ப் புளியும், மிளகும், வறுத்த சீரகமும், கருவேப்பிலையும் கூட்டினால் உப்பில்லாத கறியும் உள்ளே போகும் என்று அவருடைய மனைவிக்கு அன்றைக்கே சமைத்துக் காட்டினேன்.

தம்பியாரின் ஆட்சி

அதன்பிறகு எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. சின்னத்தம்பியர் தன் வீட்டிலும் உப்பை நிறுத்திவிட்டார். அண்ணர் உப்பில்லாமல் தின்னத் தான் உப்போடு தின்பது வழக்கில் தனக்கு அவமானம் என்று ஒரு நியாயம் சொன்னார். அவருடைய மனைவி என்னைக் கண்ட இடமெல்லாம் சபித்தார்.

அண்ணரோடு அவர் நேரே கதைக்கவில்லை. மாட்டோடு கதைத்தார். வேலியோரம் பசுவைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, "உங்கை சிலபேர் இண்டைக்கு மோர்மிளகாய் பொரிக்கினம் போலை கிடக்கு. மணக்குது!" என்பார். இந்தப் பக்கம் விதானையார் காகத்தைப் பார்த்து, "என்ரை வீட்டு மோர்மிளகாய்க்கு ஆற்றை மூக்கு நீளுது?" என்பார். ஆனால் மோர்மிளகாய் திரும்பிக் குசினிக்குள் போய்விடும். நாகம்மா என்னிடம், "நீங்கள் ஏன் வீணாய்ச் சைக்கிள் உழக்கிறியள்? அங்காலை ஒரு பொலிசு இருக்குது" என்றார்.

நீர் வற்றியது. முதலில் முழங்கால் தெரிந்தது, பிறகு கணுக்கால். விரலால் அமத்தினால் தோல் எழும்பி வந்தது. நான் மானிப்பாயில் என் அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு சைக்கிள் ஓடியிருக்கிறேன்.

இதற்குள் வழக்கு நாள் வந்தது. அண்ணரின் கால் வருத்தத்தால் வழக்குப் பலமுறை தள்ளிப்போய், இனித் தவணை இல்லை என்று நீதவான் சொல்லியிருந்தார். வழக்காளி அண்ணர். அவர் வராவிட்டால் வழக்குத் தள்ளுபடி, வேலி தம்பிக்கு. சின்னத்தம்பியரின் பிரக்கிராசியார் இதை அவருக்கு முன்னமே விளங்கப்படுத்தியிருக்கிறார். "ஆளாலை எழும்பேலாது எண்டு கேள்வி. நீர் பேசாமல் இரும். வெற்றி எங்களுக்குத்தான்" என்றாராம். இது எல்லாம் முடிந்தபிறகுதான் எனக்குத் தெரியவந்தது. பிரக்கிராசியார் சொன்னதைக் கேட்ட சின்னத்தம்பியர் அப்படியே வீட்டுக்கு வந்து, கும்பாவுக்குள் போகிற கறியில் விரலை விட்டு நக்கிப் பார்த்து அனுப்பியிருக்கிறார்.

அன்றைக்கு நானும் கோட்டு வாசலில் நின்றேன். வாடகைக் காரிலிருந்து விதானையார் இறங்கினார். ஒரு கையில் பொல்லு. மற்றக் கையை நான் பிடிக்கப் போக, தட்டிவிட்டார். ஒவ்வொரு படியாய் ஏறினார். மேல்படியில் தம்பியார், பிரக்கிராசியாருக்குப் பக்கத்தில், வாயைத் திறந்தபடி அண்ணரின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. பிரக்கிராசியாருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, அது வேறு காரணம்.

தீர்ப்பு அண்ணர் பக்கம்.

தானாக வந்தவர்

டொக்டர் அம்மா சொன்னபடி எனக்காகப் பேசினார். நான் வேலையில் நிலைத்தேன். விதானையாரைப் பார்த்த எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கோ, அந்தத் தம்பியாரின் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் இருந்தது. அவருடைய கையாலேயே அவரைத் தோற்கடித்துவிட்டேனே.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலைநேரம், ஆசுப்பத்திரி விறாந்தையில் நோயாளிகளோடு நோயாளியாய் வாங்கில் குந்தியிருந்தார் சின்னத்தம்பியர். ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, பயத்தோடு கிட்டப் போனேன்.

"ஆருக்கு ஐயா வருத்தம்? அண்ணைக்கோ?"

"அந்தாளுக்கு என்ன? வேலிக்கரையிலை நடந்து திரியுது. எனக்குத்தான் அண்டைக்குக் கோட்டுப்படி ஏறேக்கை இளைச்சது." சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் அப்பீல் போட்டிருக்கிறன். கொழும்பிலை அது எடுபட வருசக்கணக்காய் இழுக்குமாம். அதுக்கிடையிலை எனக்கு ஒண்டு நடந்தால், அண்ணை தனிய நிண்டு ஆரோடை வழக்காடுறது? எனக்கும் ஒரு பத்தியம் சொல்லும்."